எந்த ஒர்க்புக் என்று சொல்லாத மேக்ரோ

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் சேர்ந்து எழுதிய எக்செல் மேக்ரோவை எனக்கு அனுப்பியிருந்தீர்கள். ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடுகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ரிட்டயர் ஆன பிறகும் இந்த அம்மா விடமாட்டேன் என்கிறதே என்று நீங்கள் முனகுவது எனக்குத் தெரியும். முனகுங்கள். உங்கள் மேக்ரோவில் 'ஆக்டிவ் ஒர்க்புக்' என்ற சொல் பதினொரு இடத்தில் இருக்கிறது. உட்கார்ந்து எண்ணினேன். அந்த ஒரு சொல்லால் ஒரு பெண்ணின் வேலை போகவிருந்தது. போயிருந்தால் அதற்குக் காரணம் நான்தான். அந்த மேக்ரோவை எழுதியவள் நான்.

நம் கம்பெனி எப்படி ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் புரியட்டும் என்று சொல்கிறேன். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்வதும் வெளுப்பதும் நடக்கும். அங்கிருந்து துணி ஸ்ரீவில்லிபுத்தூர் போகும். அங்கே வெட்டி, மடித்து, பாக்கெட் போட்டு, கிருமி நீக்கும் ஸ்டெரிலைசரில் ஏற்றி இறக்குவார்கள். ஒரு தடவை ஏற்றுவது ஒரு லாட். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சாம்பிள் எடுத்து லேபில் பதினாலு நாள் டியூபில் போட்டு வைப்பார்கள். டியூப் தெளிவாக இருந்தால் லாட் 'சரி'. கிருமி வளர்ந்து கலங்கினால் 'நிறுத்து'. இந்தத் துணி போவது ஆபரேஷன் தியேட்டருக்கு. யாரோ ஒருவருடைய திறந்த வயிற்றில் வைக்கப்போகிற துணி. அதனால் 'நிறுத்து' என்றால் நிறுத்து, அதில் பேச்சே கிடையாது.

ஒர்க்புக் என்றால் கம்ப்யூட்டரில் இருக்கும் எக்செல் கணக்குப் புத்தகம். லேபுக்கு ஒரு ஒர்க்புக், பேக்கிங்குக்கு ஒரு ஒர்க்புக், ஸ்டெரிலைசருக்கு ஒன்று. இவை எல்லாவற்றையும் திறந்து, எந்த லாட் அனுப்பலாம், எந்த லாட் அனுப்பக்கூடாது என்று ஒரே தாளில் அடித்துக் கொடுப்பதுதான் என் மேக்ரோ. அந்தத் தாளுக்கு லாட் கார்டு என்று பெயர். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வண்டியில் பெட்டி ஏற்றுவார்கள்.

இதை எழுத ஆரம்பித்தபோது ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். ஒர்க்புக்கையே கையில் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆப்ஜெக்ட் வேரியபிள் என்று ஒன்று உண்டு என்று படித்திருந்தேன். 'செட்' என்று போட்டு, இந்த வேரியபிள் என்றால் லேப் ஒர்க்புக், இந்த வேரியபிள் என்றால் கார்டு ஒர்க்புக் என்று ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். அப்புறம் திரையில் எது முன்னால் வந்து நின்றாலும் மேக்ரோ அந்தந்தப் புத்தகத்தோடு மட்டும்தான் பேசும். படித்தவள் அந்த 'செட்' என்ற மூன்று ஆங்கில எழுத்தைப் போட மறந்துவிட்டேன். ஆப்ஜெக்ட் வேரியபிள் செட் ஆகவில்லை என்று பெட்டி பெட்டியாக மெசேஜ் வந்தது. தொண்ணூற்றொன்றாம் நம்பர் எரர். இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். எனக்கோ மூக்கின் மேல் கோபம். போடா நீயும் உன் வேரியபிளும் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'ஆக்டிவ் ஒர்க்புக்' என்று போட்டேன். அதாவது, இப்போது எந்தப் புத்தகம் முன்னால் நிற்கிறதோ அது. லேப் புத்தகத்தைத் திறந்த கையோடு அதுதானே முன்னால் நிற்கும்? அழகாக ஓடியது. ஆறு வருஷம் ஓடியது. ஓடுவதும் சரியாக இருப்பதும் ஒன்றுதான் என்று ஆறு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

போதாததற்கு ஒரு உபகாரமும் செய்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸில் இந்த மேக்ரோவைத் தினமும் ஓட்டுவது கம்ப்யூட்டர் ஆபரேட்டர் மாரியம்மாள். என் வயசுக்காரி, என்னிடம் ஒருமையில் பேசும் உரிமை உள்ளவள். அவளுடைய மெஷின் பழசு. மேக்ரோ ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து முடிக்க மூணு நிமிஷம் ஆகும். அதுவரை திரை கல்லு மாதிரி நிற்கும். "ஏட்டி சுந்தரி, ஒன் மேக்ரோ போட்டா என் கம்ப்யூட்டரு செத்துப் போவுது, உசுரு இருக்கா இல்லையான்னே தெரியல" என்று தினமும் போன். சரி என்று 'டூ ஈவெண்ட்ஸ்' என்ற ஒரு வரியைச் சேர்த்தேன். அது இருந்தால் மேக்ரோ நடுநடுவே மூச்சு விடும், எந்த லாட்டின் எத்தனையாவது பெட்டி என்று கீழே காட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு ஜன்னலைக் கிளிக் செய்யவும் முடியும். மாரியம்மாளுக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம். அந்த ஒரு வரியோடு ஆக்டிவ் ஒர்க்புக் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். நம் கம்பெனியில் லாட் எண் ஜனவரியிலும் புதிதாகத் தொடங்காது, ஏப்ரலிலும் தொடங்காது. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் ஒன்றிலிருந்து தொடங்கும். முதல் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். லேபில் புது ஒர்க்புக்கைத் திறந்து, முதல் கட்டத்தில் பிள்ளையார் சுழி போட்ட பிறகுதான் முதல் லாட் ஏறும். லேபைப் பார்த்துக்கொள்ளும் ஜெசிந்தா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அவளும் சிரித்துக்கொண்டே அந்தச் சுழியைப் போடுவாள். பழைய புத்தகம் 'பழசு' என்ற பெயரோடு பக்கத்திலேயே கிடக்கும். இரண்டுக்கும் ஷீட் பெயர், வரிசை, கட்டம் எல்லாம் அச்சு அசல் ஒன்றுதான். ஆகவே எப்போது பார்த்தாலும் இரண்டு இருபத்து மூன்றாம் லாட் இருக்கும். 'பழைய இருபத்திமூணு', 'புது இருபத்திமூணு' என்று நாங்கள் பேசிக்கொள்வோம். மனிதர்களுக்குள் அதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

கடைசியாக, சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவின் காதர் பாய். அவர் இல்லாமல் இந்தக் கதை இல்லை. அவரிடம் யாரும் 'அந்த', 'இந்த' என்று பேச முடியாது. "பாய், அந்த ஸ்டாம்பைக் குடுங்க" என்றால் "எந்த ஸ்டாம்பு?" என்பார். மேஜையில் ஒரே ஒரு ஸ்டாம்புதான் இருக்கும். ஒரு தடவை மேனேஜரே ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்.

"பாய், அந்த வண்டியை அனுப்பிடுங்க."

"எந்த வண்டி சார்?"

"முற்றத்துல ஒரு வண்டிதானே பாய் நிக்குது?"

"இப்ப ஒண்ணு நிக்குது சார். நான் படியெறங்கிப் போவையில ரெண்டு நின்னா? நம்பரைச் சொல்லுங்க."

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு நம்பரைச் சொன்னார். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

தை மாசம். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு. பகல் இரண்டு மணிக்குள் வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டுக் கிளம்பினால்தான் மாலைக்குள் தூத்துக்குடியில் கண்டெய்னரைப் பிடிக்க முடியும். நான் ராஜபாளையம் ஆபீஸில் இருந்தேன். பன்னிரண்டு மணிக்கு மேனேஜரிடமிருந்து போன். அவர் பேசுவதிலேயே சூடு தெரிந்தது.

நடந்தது இதுதான். காலை பத்து மணிக்கு மாரியம்மாள் மேக்ரோவை ஓட்டி லாட் கார்டு எடுத்தாள். அதில் லாட் இருபத்து மூன்றுக்கு 'சரி' என்று இருந்தது. காதர் பாய் அதை நம்பி இருபத்து மூன்றாம் லாட்டை ஏற்ற ஆரம்பித்தார். பதினொன்றரைக்கு ஜெசிந்தா அந்தப் பக்கம் போனவள் பெட்டியின் எண்ணைப் பார்த்துவிட்டுக் கத்தியிருக்கிறாள். இருபத்து மூன்றில் இரண்டு டியூப் கலங்கிவிட்டது, நேற்றே 'நிறுத்து' போட்டுவிட்டேன் என்றாள். மேனேஜர் லேப் ஒர்க்புக்கைத் திறந்து பார்த்தார். அதில் 'நிறுத்து' என்றுதான் இருந்தது. ஆனால் அந்த ஃபைல் கடைசியாக சேவ் ஆன நேரம் பதினொன்று. கார்டு அடித்ததோ பத்து.

"பத்து மணிக்கு எடுத்த கார்டுல 'சரி'ன்னு வந்திருக்கு. பதினொரு மணிக்குத் திறந்து 'நிறுத்து'ன்னு மாத்தியிருக்காங்க. மறந்துபோனதை மறைக்க ரெக்கார்டைத் திருத்தியிருக்காங்க" என்றார் மேனேஜர். "உங்க மேக்ரோ தப்பா எடுத்திருக்க வாய்ப்பு உண்டா சுந்தரியம்மா? அதை மட்டும் சொல்லுங்க."

நான் மூச்சு விடக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "என் மேக்ரோ ஆறு வருஷமா ஓடுது சார். அது தப்பு சொல்லாது" என்றேன்.

போனின் அந்தப் பக்கம் ஜெசிந்தாவின் குரல், சற்றுத் தள்ளி. "அக்கா, நான் பதினோரு மணிக்கு முப்பத்தஞ்சாம் லாட்டோட ரிசல்ட்டைத்தான் புக்குல ஏத்துனேன். இருபத்திமூணைத் தொடவே இல்லக்கா." மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். நான் சொன்னதை அவள் நின்று கேட்டிருக்கிறாள்.

"நீங்க கிளம்பி வந்து இதை எழுத்துல குடுங்க. ஜெசிந்தாவுக்கு மெமோ ரெடி பண்ணச் சொல்லிட்டேன்" என்று மேனேஜர் வைத்துவிட்டார்.

மெமோ என்றால் வெறும் தாள் இல்லை. நம் தொழிலில் லேப் ரெக்கார்டைத் திருத்தியவள் என்ற பெயர் வந்துவிட்டால், இந்தச் சுற்று வட்டாரத்தில் எந்த பேண்டேஜ் கம்பெனியும் அந்தப் பெண்ணை உள்ளே விடாது. ஜெசிந்தாவின் கணவர் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மகள் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனாலும் மேக்ரோ மேல் சந்தேகம் வரவில்லை. பாவம் ஜெசிந்தா, பயத்தில் செய்துவிட்டாள் போல என்றுதான் நினைத்தேன். என்னைப் பற்றி எனக்கே வெட்கமாக இருக்கிற நினைப்பு அது.

நான் போய் இறங்கும்போது மணி பன்னிரண்டே முக்கால். முற்றத்தில் வண்டி பாதி ஏற்றிய நிலையில் நின்றது. டிரைவர் ஆலங்குளத்துக்காரர், முன்னே சிமெண்ட் லோடு அடித்தவர். "சிமெண்டுக்கு இம்புட்டுப் பாடு கெடயாதுய்யா. ஏத்துனமா, போனமான்னு இருக்கும்" என்று யாரிடமோ சலித்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா லேப் கோட்டோடு வண்டியின் பின்கதவை ஒட்டி நின்றாள். இருபத்து மூன்றாம் லாட் இறங்காமல் வண்டி நகராது என்று அங்கேயே நிற்கிறாளாம். என்னைப் பார்த்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

கடிதம் எழுதுவதற்கு டிஸ்பாட்ச் மேஜையில்தான் இடம் கிடைத்தது. எதிரே காதர் பாய். பேனாவை எடுத்தேன்.

"என்னம்மா எழுதப் போறே?"

"மேக்ரோ எப்படி வேலை செய்யுதுன்னு எழுதணும் பாய். அது ஒவ்வொரு பெட்டியாப் பார்த்து, அந்த லாட்டோட ரிசல்ட்டை புக்குல இருந்து எடுத்து..."

"எந்த புக்கு?"

எனக்கு எரிச்சல் வந்தது. "லேப் புக்குதான் பாய். வேற எது?"

"லேப் புக்குன்னு பேரு சொல்லியா எடுக்குது?"

"பேரு சொல்லாது. திறந்து முன்னால நிக்கிற புக்குல இருந்து எடுக்கும்."

காதர் பாய் கண்ணாடியை மேலே தள்ளினார். "அன்னிக்கு முற்றத்துல நின்ன வண்டி மாதிரியா? அது ஓடி முடியிறதுக்குள்ள வேற புக்கு வந்து முன்னால நின்னா?"

பேனா கையிலேயே நின்றுவிட்டது. எழுந்து ஆபீஸ் அறைக்கு ஓடினேன். ஓட்டம் என்றால் ஓட்டம்தான், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"ஏட்டி மாரி, காலையில மேக்ரோ ஓடும்போது வேற ஏதாச்சும் திறந்தியா?"

மாரியம்மாள் மிரண்டுவிட்டாள். "நான் ஒண்ணும் பண்ணலட்டி. ஒன் மேக்ரோவை நான் தொடவே இல்ல."

"தொட்டேன்னு யாரு சொன்னா? வேற புக்கு ஏதாச்சும் பார்த்தியா?"

"லேப் பழசு திறந்துதான் கெடந்துச்சு. மேனேஜர் இண்டர்காம்ல ஒரு பழைய லாட்டோட தேதி கேட்டாரு. அதைச் செத்த நேரம் முன்னால கொண்டாந்து பார்த்துச் சொன்னேன். அம்புட்டுத்தான்." பிறகு, நினைவு வந்தவள் மாதிரி, "ஆனா ஒண்ணு. மேக்ரோ முடிஞ்ச ஒடனே என் பழைய புக்கு தன்னால மூடிக்கிச்சு. புது புக்கு மூடாம அப்படியே நின்னுச்சு. நான் திரும்ப ஒருக்கத் திறந்துக்கிட்டேன்."

தன்னால் மூடவில்லை. என் மேக்ரோவின் கடைசி வரி, ஆக்டிவ் ஒர்க்புக்கை மூடு என்பதுதான். முன்னால் நின்றது பழசு. எனவே பழசை மூடிவிட்டுப் போயிருக்கிறது. அப்படியானால் மூடுவதற்கு முன்னால் படித்ததும் பழசைத்தான்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் கை அப்போதே மேக்ரோவைத் திறந்து சரிசெய்யத் துடித்தது. அது மேக்ரோ எழுதுகிற நம் எல்லோருடைய புத்தி. தப்பு தெரிந்தவுடன் அதைத் திருத்தி, நான் கெட்டிக்காரி என்று காட்டத் துடிப்போம். அன்று அதைச் செய்யவில்லை. மணி ஒன்று பத்து. அப்போது தேவைப்பட்டது சரியான மேக்ரோ இல்லை. சரியான லாட்டும் ஜெசிந்தாவின் பெயரும்தான். மேக்ரோவைத் திருத்திவிட்டால் தப்பு நடந்ததற்கான சாட்சியும் அதோடு போய்விடும். அதனால் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல், புதுப் புத்தகத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, காலையில் அடித்த கார்டை ஒரு கையிலும் பழைய புத்தகத்தின் பிரிண்ட்டை இன்னொரு கையிலும் வைத்து வரிக்கு வரி பார்த்தேன்.

இரண்டு புத்தகத்திலும் பெரும்பாலான லாட்டுகள் 'சரி'தான். அதனால் எதிலிருந்து எடுத்தாலும் வித்தியாசம் தெரியாது. இருபத்து மூன்றோ பழசில் 'சரி', புதுசில் 'நிறுத்து'. விரலை இறக்கிக்கொண்டே வந்தேன். முப்பத்தொன்றில் விரல் நின்றது. கார்டில் முப்பத்தொன்றுக்கு 'நிறுத்து' என்று இருந்தது. பழைய புத்தகத்திலும் 'நிறுத்து'. புதுப் புத்தகத்தில் 'சரி'.

ஜெசிந்தா மறைப்பதற்காக இருபத்து மூன்றைத் திருத்தினாள் என்றே வைத்துக்கொள்வோம். முப்பத்தொன்றை எதற்குத் தலைகீழாகத் திருத்தப் போகிறாள்? நல்ல லாட்டை யாராவது கெட்டது என்று எழுதிவிட்டுப் பிறகு நல்லதாக மாற்றுவார்களா? எனக்கு அந்த நிமிஷம் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

மேனேஜர் அறைக்குள் போனேன். மெமோ டைப் ஆகி மேஜையில் கிடந்தது.

"சார், ரெண்டே நிமிஷம். மாரி மெஷினுக்கு வாங்க. ஜெசிந்தாவையும் கூப்பிடுங்க."

"கடிதம் எழுதியாச்சா?"

"எழுதுறதுக்கு முன்னாடி காட்டுறேன் சார்."

எல்லோரும் வந்து நின்றார்கள். காதர் பாய் கதவோரம். ஜெசிந்தா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம். காலையில் எப்படி இருந்ததோ அப்படியே பழைய புத்தகத்தைத் திறந்து வைத்தேன். மாரியம்மாளை உட்காரவைத்து மேக்ரோவை ஓட்டச் சொன்னேன். கீழே எண்கள் ஓட ஆரம்பித்தன. பதினெட்டாம் லாட்டைத் தொட்டதும், "இப்ப சார் இண்டர்காம்ல பழைய லாட்டு தேதி கேக்காரு. எடுத்துச் சொல்லு" என்றேன். அவள் பழைய புத்தகத்தைக் கிளிக் செய்தாள். மேக்ரோ நிற்கவில்லை, திணறவில்லை, ஒரு எரர்கூடக் காட்டவில்லை. வெட்கமில்லாமல் ஓடி முடித்தது. பழைய புத்தகம் எல்லோர் கண் முன்னாலும் தானாக மூடிக்கொண்டது. பிரிண்டர் கார்டைத் துப்பியது.

இருபத்து மூன்று, சரி. முப்பத்தொன்று, நிறுத்து.

காலையில் வந்த கார்டை அதன் பக்கத்தில் வைத்தேன். மேனேஜர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனிதர், அவசரக்காரர். முகம் மெல்ல மாறியது.

"காலையில அந்தத் தேதியைக் கேட்டது நான்தான்" என்றார்.

"நீங்க கேட்டது தப்பில்ல சார். மாரி பார்த்ததும் தப்பில்ல. எந்த ஒர்க்புக்குன்னு பேரு சொல்லாம எழுதினது நான். போன்ல நான் சொன்னது பொய். ஜெசிந்தா ஒரு எழுத்தையும் மாத்தல. முந்தின நாளே 'நிறுத்து' போட்டிருக்கா."

மணி ஒன்று இருபத்தைந்து. வாசலில் டிரைவர் ஹார்ன் அடித்தார்.

அப்போது முதலில் வாய் திறந்தது ஜெசிந்தாதான். அவள் அழவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. அவளுடைய அந்த நிதானத்தை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கும். "சார், முப்பத்தொண்ணு நல்ல லாட்டு. அதே சைஸ், அதே பாக்கெட்டு. இருபத்திமூணை எறக்கிட்டு அதை ஏத்தலாம். பெட்டிக் கணக்கு சரியா வரும்" என்றாள்.

அதற்குப் பிறகு அரைமணி நேரம் அந்த முற்றத்தில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெசிந்தா லேபின் கையெழுத்து நோட்டைக் கொண்டுவந்து ஒவ்வொரு லாட்டின் முடிவையும் உரக்க வாசித்தாள். காதர் பாய் பெட்டியின் எண்ணைத் திருப்பிச் சொன்னார். நான் டிக் அடித்தேன். மாரியம்மாள் பேக்கிங் பட்டியலில் லாட் எண்ணை மாற்றி அடித்துக் கொடுத்தாள். மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பெட்டி இறக்கினார். வண்டி ஏற்றுகிறவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினார்கள்.

"சார், அந்தப் பெட்டியை இப்படித் தள்ளுங்க" என்று ஒருவர் சொன்னார்.

"எந்தப் பெட்டி?" என்று மேனேஜர் கேட்டார். முற்றமே வெடித்துச் சிரித்தது. காதர் பாய் மட்டும் சிரிக்காமல், இப்போதாவது ஒழுங்காகக் கேட்கிறாரே என்ற முகத்தோடு தலையாட்டினார்.

இரண்டு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது வண்டி கிளம்பியது. ஆலங்குளத்து டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சாயங்காலத்துக்குள்ள சேத்துருவேன். நீங்க நிம்மதியாச் சாப்பிடுங்க" என்றார். சொன்ன மாதிரியே சேர்த்தார். கண்டெய்னர் மூடுவதற்கு முன்னால் போன் வந்தது.

நான் திரும்ப மேனேஜர் அறைக்குப் போனேன். மெமோ அங்கேயே கிடந்தது. அதைக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க சார். பேரை மட்டும் மாத்திக் குடுங்க."

கதவோரத்திலிருந்து காதர் பாய் கேட்டார். "எந்தப் பேரும்மா?"

"என் பேரு பாய். சுந்தரி."

மேனேஜர் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. ரெக்கார்டு தப்பானதற்கு ஒரு மெமோ இருக்க வேண்டும், அது தப்பு செய்தவளுடைய ஃபைலில் இருக்க வேண்டும் என்றேன். அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலைக்காலம் முழுவதிலும் நான் வாங்கிய ஒரே மெமோ அது. இன்றைக்கும் என் பீரோவில் நியமன ஆர்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு இரண்டின் மேலும் ஒரே அளவு பெருமைதான்.

மூன்று மணிக்குத்தான் சாப்பிட உட்கார்ந்தோம். நான் அவசரத்தில் டிபன் பாக்ஸை ராஜபாளையத்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். ஜெசிந்தா தன் பாக்ஸைத் திறந்து, மூடியில் பாதிப் புளியோதரையை எடுத்து வைத்து என் பக்கம் நகர்த்தினாள். இருவரும் சாப்பிட ஆரம்பித்தோம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் தடுத்தாள்.

"அக்கா, போன்ல நீங்க சொன்னதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்." ஒரு வாய் சாப்பிட்டாள். "ஆனா எல்லார் முன்னாடியும் பொய்னு சொன்னீங்க பாருங்க. அதையும் மறக்க மாட்டேன்."

அன்று சாயங்காலம் அங்கேயே உட்கார்ந்து மேக்ரோவை மாற்றினேன். லேப் புத்தகத்துக்கு ஒரு வேரியபிள், கார்டுக்கு ஒன்று, பேக்கிங்குக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் திறந்த இடத்திலேயே 'செட்' போட்டுப் பிடித்தேன். ஷீட்டைக் கேட்கும் இடத்திலெல்லாம் எந்தப் புத்தகத்தின் ஷீட் என்று சொன்னேன். மூடும்போதும் அந்த வேரியபிளைச் சொல்லியே மூடினேன். தொண்ணூற்றொன்றாம் எரர் இரண்டு தடவை வந்தது. இந்தத் தடவை அதன் மேல் கோபம் வரவில்லை. நீ யாரைச் சொல்கிறாய் என்று கேட்கிற எரர் அது. கேட்காமல் ஓடுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். முடித்த பிறகு பழைய புத்தகத்தைத் திறந்து வைத்து, மேக்ரோ ஓடும்போது மாரியம்மாளை இஷ்டத்துக்குக் கிளிக் செய்யச் சொன்னேன். அவள் ஆசை தீரக் கிளிக் செய்தாள். இருபத்து மூன்று அசையாமல் 'நிறுத்து' என்றே நின்றது. நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கைதட்டினோம்.

கார்டின் அடியில் முடிவு எடுக்கப்பட்ட ஒர்க்புக்கின் பெயர் அச்சாகிறதே, அது அன்றைக்குச் சேர்த்ததுதான். காதர் பாய் ஓய்வு பெறும்வரை தினமும் காலையில் முதலில் அந்த வரியைத்தான் வாசிப்பார்.

ஆகவே, பதினொரு இடம். மாற்றி அனுப்புங்கள். எனக்கு அனுப்ப வேண்டியதில்லை, எனக்கு இனிமேல் பேரனோடு வேலை இருக்கிறது. நேரே குவாலிட்டி ஹெட்டிடம் கொண்டுபோங்கள். அவர் கையெழுத்து இல்லாமல் நம் கம்பெனியில் எந்த மேக்ரோவும் ஓடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அவர் பெயர் ஜெசிந்தா. மேக்ரோ எப்படி ஓடுகிறது என்று நீங்கள் விளக்க ஆரம்பிப்பீர்கள். அவர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தி, "எந்த புக்கு?" என்று கேட்பார். பெயரைச் சொல்லுங்கள்.